மிச்ச நாடா

ஜூன் 5, 2016, ஞாயிறு

பதினெட்டு நாள் ஆலோசனைக்குப் பிறகு இன்று காலை ஒன்பதே காலுக்கு அந்த முடிவை எடுத்தேன். என்னிடமுள்ள நானூற்றுப் பன்னிரண்டு கேசட்டுகளும் இனி அகரவரிசையில் அல்ல, ஆண்டு வரிசையில் இருக்கும். அகரவரிசை டெலிபோன் டைரக்டரிக்குப் பொருந்தும். அமெரிக்க ப்ளூஸ் இசை குறித்துத் தமிழில் வந்த ஒரே நூலின் ஆசிரியனுக்கு வரலாற்றுணர்வு வேண்டும்.

கோமதியிடம் அறிவித்தேன். வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். "அப்படியே தூசியும் தட்டிருங்க" என்றாள். பெரிய முடிவுகளின்போது பக்கத்தில் இருப்பவர்கள் அதை உணர்வதில்லை.

ஜூன் 6, திங்கள்

ஸ்டூல் ஆடுகிறது. ஒரு காலுக்கு அட்டை மடித்து வைத்தேன். 1984 முடிந்தது.

ஜூன் 8, புதன்

1985-இல் இருக்கும்போது போன் வந்தது.

"தாணு அங்கிளா? நான் ஜெனோவா பேசுதேன். தூத்துக்குடி. தஸ்நேவிஸ் மக."

தஸ்நேவிஸ் திங்கட்கிழமை இறந்துவிட்டானாம். நெஞ்சு வலி. நேற்று அடக்கம் முடிந்துவிட்டது. என் நம்பர் இன்றுதான் அவன் பைபிளுக்குள் கிடைத்ததாம்.

"முப்பதாம் நாள் பூசைக்கு நீங்க கண்டிப்பா வரணும். ரெண்டு வார்த்தை பேசணும். அப்பா உங்களைப் பத்திப் பேசாத நாளே கிடையாது."

வருவதாகச் சொன்னேன். தஸ்நேவிஸ் கொரேரா தூத்துக்குடியில் எனக்குத் தெரிந்தவர் என்று இந்த இடத்தில் முதலில் எழுதினேன். அடித்துவிட்டு நண்பன் என்று மாற்றியிருக்கிறேன். கோமதி இந்த நோட்டைப் படிப்பதில்லை. ஆகவே இந்தத் திருத்தத்தால் யாருக்கும் பிரயோஜனம் இல்லை.

கோமதியிடம் சொன்னேன். காய் நறுக்கிக்கொண்டிருந்த கத்தியைக் கீழே வைத்தாள். பிறகு, "கடைசியா அவர்கிட்ட எப்பப் பேசுனீங்க?" என்றாள். மோட்டார் போட வேண்டியிருந்ததால் நான் மாடிக்குப் போய்விட்டேன்.

ஜூன் 11, சனி

பேச வேண்டும் என்றால் குறிப்பு வேண்டும். எழுதிப் பார்க்கிறேன்.

1984 முதல் 1991 வரை தூத்துக்குடிப் பழைய துறைமுகத்தில் குமாஸ்தாவாக இருந்தேன். மதியம் மூன்று மணிக்கு நூல் மில்லில் சங்கு ஊதும். அது ஊதியதும் டீ குடிக்கப் போவதாகச் சொல்லிவிட்டு நான் தஸ்நேவிஸின் ரெக்கார்டிங் சென்டருக்குப் போய்விடுவேன். ஏழு வருஷம், ஞாயிறு நீங்கலாக, தினமும்.

ஆட்கள் சினிமாப் பாட்டுப் பட்டியலும் காலி கேசட்டும் கொடுத்துவிட்டுப் போவார்கள். அவன் பதிந்து வைப்பான். ஒரு பக்கம் முப்பது நிமிடம். ஆறு பாட்டுப் போட்டால் மூன்று நிமிட நாடா மிஞ்சும். மற்ற கடைகளில் அந்த மிச்சத்தில் அரைப் பாட்டைத் திணிப்பார்கள், இல்லையென்றால் காலியாக விடுவார்கள். தஸ்நேவிஸ் அதில் ப்ளூஸ் போடுவான். யாரையும் கேட்டு அல்ல, யாரிடமும் சொல்லியும் அல்ல. எந்தக் கப்பலிலோ வந்த சமையல்காரர் ஒருவர் ஒரு பெட்டி இசைத்தட்டை அவனிடம் தள்ளிவிட்டுப் போயிருந்தார். அமெரிக்கப் பருத்திக்காட்டில் பாடப்பட்டது இப்படித்தான் தூத்துக்குடிக் கல்யாண வீடுகளில் ஒலித்தது.

ஒருநாள் ஒருவர் கேசட்டைக் கொண்டுவந்து மேசையில் அடித்தார்.

"பொண்ணு மாப்பிள்ள மேடையில நிக்காவ. ஸ்பீக்கர்ல ஒருத்தன் எழவு வீடு மாதிரி கூப்பாடு போடுதான். என்னவே இது?"

"அவனும் பொண்டாட்டியப் பத்திதான் அண்ணாச்சி பாடுதான். பொருத்தமாத்தான் இருக்கும்."

"யாரு பொண்டாட்டி?"

"அவன் பொண்டாட்டிதான். ஓடிப் போயிட்டா."

நானும் முதல் தடவை போனது புகார் சொல்லத்தான். "முழுசாக் கேட்டுட்டு ஏசும்" என்று ஸ்டூலைத் தள்ளிப் போட்டான். அவன் விளக்கமெல்லாம் சொல்ல மாட்டான். பாட்டு முடிந்ததும் நாடாவைப் பின்னால் ஓட்டி ஒரே ஒரு இடத்தை மறுபடி போடுவான். "இந்த மூச்சைக் கேளும்" என்பான். அவ்வளவுதான். நான் முதல் வாரம் ஏசினேன். இரண்டாம் வாரம் சும்மா இருந்தேன். மூன்றாம் வாரம், "அந்த மூச்சை இன்னொரு தடவை போடும்" என்றேன். அவன் முகம் அன்றைக்கு இருந்ததை எழுத வரவில்லை.

எனக்குச் சென்னைக்கு மாற்றல் வந்தபிறகு மாதம் ஒரு கேசட் தபாலில் அனுப்பினான். பன்னிரண்டு வருஷம். பெட்டிக்குள் செருகும் அட்டையின் பின்புறம் பச்சை மையில், எறும்பு ஊர்ந்தது போன்ற எழுத்தில், பாடகனைப் பற்றி எழுதியிருப்பான்.

இதுவரை எழுதியதில் மேடையில் சொல்லக்கூடியது கல்யாண வீட்டுச் சம்பவம் மட்டும்.

ஜூன் 14, செவ்வாய்

பதிப்பாளர் இளஞ்சேரல் பேசினார். "பருத்திக்காட்டுக் குரல்கள்" இரண்டாம் பதிப்பு வருகிறது. பதின்மூன்று வருஷத்துக்குப் பிறகு. முன்னுரையையும் பன்னிரண்டு அத்தியாயங்களையும் ஒருமுறை பார்த்துக் கொடுக்க வேண்டுமாம். இன்னொரு செய்தியும் சொன்னார். அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்றிலிருந்து ஒரு ஆய்வாளர் கடிதம் எழுதியிருக்கிறார். ஏழாம் அத்தியாயத்தின் நாயகர் அமோஸ் ஸ்னோ என்ற பாடகர் எந்தப் பட்டியலிலும் இல்லையாம். இசைத்தட்டு எண் கிடைக்குமா என்று கேட்கிறார்.

"உலகத்துக்கே தெரியாத ஒருத்தரை நீங்க கண்டுபிடிச்சிருக்கீங்க சார்" என்றார் இளஞ்சேரல்.

பணிவாக மறுத்தேன். அதிகம் மறுக்கவில்லை.

சாயங்காலம் அட்டைகளையும் புத்தகத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். அட்டையில்: "இவன் கிட்டாரை வாசிக்கல. அதுகிட்ட கேள்வி கேக்கான். அது பதில் சொல்லுமுன்ன அடுத்த கேள்வி." புத்தகத்தில்: "அவர் கிட்டாரை வாசிக்கவில்லை. அதனிடம் கேள்வி கேட்கிறார். அது பதில் சொல்வதற்குள் அடுத்த கேள்வி." பேச்சு வழக்கை எழுத்து வழக்காக மாற்றியிருக்கிறேன். மரியாதைப் பன்மை சேர்த்திருக்கிறேன். சில இடங்களில் ஒற்று விட்டுப்போயிருந்ததையும் போட்டிருக்கிறேன். என் பங்களிப்பே இல்லை என்று யாரும் சொல்லிவிட முடியாது.

முன்னுரையில், 1986-இல் கப்பல்மேடையில் ஒரு கறுப்பின மாலுமி எனக்கு ஒரு மாலை முழுவதும் பாடிக் காட்டி இந்த இசையை அறிமுகம் செய்ததாக எழுதியிருக்கிறேன். அப்படி ஒரு மாலுமி வந்தது உண்மை. கழிப்பறை எங்கே என்று கேட்டார்.

நன்றி சொல்லப்பட்டவர்கள்: கோமதி, இளஞ்சேரல், பிழைதிருத்தியவர், எங்கள் வீட்டுப் பூனை.

ஏழாம் அத்தியாயம் ஒன்றுதான் முழுக்க நான் எழுதியது. 1996-இல் வந்த அந்தக் கேசட்டின் அட்டையில் குறிப்பே இல்லை. "அமோஸ் ஸ்னோ. கேட்டுட்டு எழுதும்" என்று மட்டும் இருந்தது. ஆகவே நானே கேட்டு நானே யோசிக்க வேண்டியதாயிற்று.

ஜூன் 20, திங்கள்

கேஸ் சிலிண்டர் வந்தது. 1991 வரை முடிந்தது. பூனைக்கு வயிறு சரியில்லை.

ஜூன் 23, வியாழன்

சாப்பிடும்போது கோமதி கேட்டாள், "புக் ரிலீஸ் அன்னிக்கு அவரை எப்படி அறிமுகப்படுத்தினீங்கன்னு ஞாபகம் இருக்கா?"

இல்லை என்றேன்.

"எனக்கு இருக்கு" என்று மோர் ஊற்றினாள்.

எனக்கும் இருக்கிறது. 2003. தஸ்நேவிஸ் ஒரு பெட்டி மக்ரூனோடு பஸ்ஸில் வந்திருந்தான். வெள்ளைச் சட்டை, புது மடிப்பு. ஒரு பேராசிரியர், "இவர்?" என்று கேட்டார். "எங்க ஊர்ல கேசட் கடை வச்சிருந்தவர்" என்றேன். தஸ்நேவிஸ் சிரித்துக்கொண்டே தலையாட்டினான். கூட்டம் முழுக்கக் கடைசி வரிசையில் இருந்தான். ஏழாம் அத்தியாயத்திலிருந்து நான் இரண்டு பக்கம் வாசித்தபோது கண்ணை மூடிக்கொண்டிருந்தான். பயணக் களைப்பு என்று நினைத்தேன்.

முடிந்ததும் பக்கத்தில் வந்தான். "வே தாணு, அந்த அமோஸ் ஸ்னோ இருக்காம்லா..."

"அப்புறம் பேசுவோம்" என்றேன். ஒரு பத்திரிகைக்காரர் நின்றுகொண்டிருந்தார்.

அதற்குப் பிறகு கேசட் வரவில்லை. சிடி வந்துவிட்ட காலம். அதனால்தான் என்று கோமதியிடம் சொல்லியிருந்தேன்.

ஜூலை 5, செவ்வாய், தூத்துக்குடி

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

காலையில் பூசை. பிறகு கோயில் பக்கத்திலுள்ள ஹாலில் நினைவுக் கூட்டம். அறுபது எழுபது பேர். தஸ்நேவிஸ் முப்பது வருஷம் கோயில் பாடகர் குழுவில் கிட்டார் வாசித்தவன். குழுவின் ஆட்கள் முன்வரிசையில். நான் டேப்ரெக்கார்டரையும் அமோஸ் ஸ்னோ கேசட்டையும் சென்னையிலிருந்து கொண்டுபோயிருந்தேன். வார்த்தைகளில் அவனைப் பற்றிச் சொல்வதில் சில சங்கடங்கள் இருந்ததால், அவன் அனுப்பியதிலேயே மிக அபூர்வமானதை ஒலிக்கவிடுவது என்று திட்டம்.

கல்யாண வீட்டுச் சம்பவத்தைச் சொன்னேன். சிரித்தார்கள். பிறகு என் புத்தகத்தின் ஏழாம் அத்தியாயத்திலிருந்து வாசித்தேன். "சொற்களால் இனி ஆவது ஒன்றுமில்லை என்று கண்டுகொண்ட கலைஞன், சொற்களைக் கைவிடுகிறான். இவன் பாட்டில் முனகல் மட்டுமே எஞ்சுகிறது. வெயிலில் பருத்தி பொறுக்கி முதுகு முறிந்தவனுக்கன்றி வேறெவனுக்கும் இந்தக் குரல் வாய்க்காது. இரண்டாம் நிமிடத்தில், எங்கோ மிசிசிப்பி ஆற்றில் செல்லும் நீராவிப் படகின் ஊதல், ஒரு கண்டனத்தைப் போலக் குறுக்கிடுகிறது."

பொத்தானை அழுத்தினேன்.

பத்து விநாடியில் முன்வரிசையில் சலசலப்பு. ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்தார்கள். ஒரு அம்மாள் முந்தானையால் வாயைப் பொத்தினார். எனக்குக் கோபம் வந்தது. பரிச்சயமில்லாத இசையைக் கேட்டால் நம்மவர்கள் சிரிப்பார்கள். கையை உயர்த்தினேன்.

"கொஞ்சம் அமைதியாக் கேளுங்க. இது மிசிசிப்பி."

"எது மிசிசிப்பி?" என்றார் முன்வரிசையில் இருந்த லூர்து அண்ணாச்சி. எண்பது வயது. குழுவில் ஹார்மோனியம். "இது நம்ம தஸ்நேவிஸ்லா."

நாடாவில் ஊதல் வந்தது. பின்னாலிருந்து ஒரு குரல், "மில் சங்கு. மூணு மணி."

அந்தச் சங்கைக் கேட்டு ஏழு வருஷம் தினமும் நாற்காலியிலிருந்து எழுந்தவன் நான். பனிமய மாதா கோயில் இருக்கிற ஊரில், தஸ்நேவிஸ் என்றாலே பனி என்று அர்த்தம் என்று அவனே எனக்குச் சொல்லியிருக்கிற ஊரில், ஸ்னோ என்ற பெயரில் எனக்கு ஒரு சந்தேகமும் வந்ததில்லை.

பாட்டு முடியும்வரை நின்றேன். மூன்று நிமிடம். இப்போது சிலர் அழுதுகொண்டிருந்தார்கள். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். மைக்கை வாய்க்குப் பக்கத்தில் வைத்து, "ஆமா, தஸ்நேவிஸ்தான். அதைத்தான் கடைசியில் சொல்லலாம்னு வச்சிருந்தேன்" என்றேன்.

நன்றாகக் கை தட்டினார்கள். லூர்து அண்ணாச்சி எழுந்து வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். "நல்லா விளையாட்டுக் காட்டிட்டீரே" என்றார்.

ஜெனோவா மட்டும் கை தட்டவில்லை. என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அப்பாவின் கண்.

ஜூலை 6, புதன், ரயிலில்

நேற்று எழுதாமல் விட்டது.

மதியம் ஜெனோவா வீட்டில் சாப்பாடு. எனக்கு மீன் வைக்காமல் தனியாகச் சமைத்திருந்தாள். இலையை எடுத்துவிட்டு வந்து உட்கார்ந்தாள்.

"உங்களுக்குத் தெரியாதுல்லா அங்கிள்?"

தெரியாது என்றேன். பொய் சொல்ல நேரமிருக்கவில்லை.

"தெரியாதுன்னு அப்பா சொல்லுவாரு. நான்னு தெரிஞ்சா தாணு நல்லாருக்குன்னுதான் சொல்லுவான், தெரியாமக் கேட்டாத்தான் உண்மை வரும்னுதான் வேற பேரு போட்டு அனுப்புனாராம். மூணு மாசம் தபாலுக்குக் காத்துருந்தாரு. நீங்க பதில் போடல."

"பிறகு..."

"பிறகு புத்தகமே வந்துட்டு."

உள்ளே போய் ஒரு ஃபைலைக் கொண்டுவந்தாள். ஏழாம் அத்தியாயத்தின் பதினான்கு பக்கங்களையும் புத்தகத்திலிருந்து பிரித்து ஒவ்வொன்றாக லேமினேட் செய்து வைத்திருந்தான். ஓரங்கள் தேய்ந்திருந்தன. அடிக்கோடு ஒன்றும் இல்லை. சொற்களைக் கைவிட்ட கலைஞன் என்ற வரிக்குப் பக்கத்தில் மட்டும் பச்சை மையில் சின்னதாக ஒரு கேள்விக்குறி.

"அது வந்து அங்கிள், அப்பாவுக்கு இங்கிலீஷ் வராது. அதான் முனகிட்டாரு." சிரித்தாள். எனக்கும் சிரிக்க அனுமதி இருந்தது. என்னால் முடியவில்லை.

"மத்த அத்தியாயத்தை எல்லாம்..." என்று ஆரம்பித்தேன்.

"அட்டையப் பாத்து எழுதுனது. அப்பாவுக்குத் தெரியும். அது பரவால்ல, நல்லாத் திருத்திருக்கான், ஒற்றுப் போட்டுருக்கான்னு சொல்லுவாரு."

வெளியே ஐஸ்காரன் மணி கேட்டது. அவள் ஃபைலை மூடி மடியில் வைத்துக்கொண்டாள்.

"ரெண்டாம் பதிப்பு வருதாம்லா. ஒண்ணே ஒண்ணு கேக்கேன். அப்பா பேரைப் போடுங்கன்னு கேக்கல. முன்னுரையையும் மாத்த வேண்டாம். இந்த ஏழாம் அத்தியாயம் மட்டும் அப்படியே இருக்கட்டும். அமோஸ் ஸ்னோன்னே இருக்கட்டும். அவரைப் பத்தி ஒருத்தர் எழுதுனது அது ஒண்ணுதான்."

இருக்கும் என்று சொன்னேன். அவள் கையைத் தொட்டுச் சொன்னேன்.

கேசட்டை அவளிடமே கொடுத்துவிட்டு வந்தேன். அவன் குரல் வேறெதிலும் இல்லையாம். இதைத் தாராளம் என்று கொள்ள வேண்டாம். அது என் வீட்டில் இருந்தால் யாராவது கேட்டு வாங்கிப் போட்டுப் பார்க்கக்கூடும்.

ஜூலை 9, சனி

கோமதி, "என்ன பேசினீங்க?" என்றாள். நன்றாகப் போயிற்று, கை தட்டினார்கள் என்றேன். இரண்டும் உண்மை.

ஜூலை 15, வெள்ளி

ஆய்வாளரின் இரண்டாவது கடிதம். கேசட்டின் நகல் ஒன்று அனுப்பினால் ஒலிப்பதிவு நிபுணர்களிடம் காட்டுவாராம். இளஞ்சேரல் உற்சாகத்தில் இருக்கிறார். புத்தக அட்டையில் "அமோஸ் ஸ்னோவைக் கண்டுபிடித்தவர்" என்று போடலாமா என்று கேட்டார்.

அமைதியாக உட்கார்ந்து யோசித்தேன். அமோஸ் ஸ்னோ அப்படியே இருந்தால் ஒருநாள் எவனாவது கண்டுபிடிப்பான். மிசிசிப்பிக்கும் தூத்துக்குடி நூல் மில்லுக்கும் வித்தியாசம் தெரியாத ப்ளூஸ் நிபுணர் என்று எழுதுவான். உண்மையை முன்னுரையில் சொன்னால் அதையே நானே எழுதியதாக ஆகும். அப்புறம் மற்ற பதினொரு அத்தியாயங்களைப் பற்றியும் கேட்பார்கள்.

இருக்கும் வழிகளில் அறிவு நேர்மைக்கு உகந்தது ஒன்றுதான். சரிபார்க்க முடியாத ஒரு பாடகரைப் பற்றிய அத்தியாயத்தைப் பொறுப்புள்ள ஆசிரியன் நீக்கிவிடுவான். இதில் சுயநலம் இல்லை என்பதை நாலைந்து விதமாக யோசித்து உறுதி செய்துகொண்டேன்.

ஜூலை 18, திங்கள்

அலமாரி முடிந்தது. 1996-இல் ஒரு கேசட் அகலத்துக்கு இடைவெளி. பக்கத்துக் கேசட் அதில் சாய்ந்து சாய்ந்து விழுகிறது. தீப்பெட்டி வைத்து அடைத்தேன்.

ஆகஸ்ட் 2, செவ்வாய்

திருத்திய பிரதியை இளஞ்சேரலுக்கு அனுப்பிவிட்டேன். ஏழாம் அத்தியாயம் இல்லை.

ஆனால் ஒன்று செய்திருக்கிறேன். அத்தியாய எண்களை மாற்றவில்லை. ஆறுக்குப் பிறகு நேராக எட்டு வருகிறது. அங்கே ஒன்று இருந்தது என்பது தெரிய வேண்டியவர்களுக்குத் தெரியும். ஜெனோவா பார்த்தால் புரிந்துகொள்வாள். யோசிக்க யோசிக்க, முழு அத்தியாயமும் இருப்பதைவிட இந்த மௌனம்தான் தஸ்நேவிஸுக்கு ஏற்ற மரியாதை என்று தோன்றுகிறது. அவனே சொற்களைக் கைவிட்டவன்தானே.

இந்தக் கடைசி வாக்கியத்தை எழுதிவிட்டு எழுந்துபோய் முகம் கழுவி வந்தேன்.

ஆகஸ்ட் 5, வெள்ளி

பனிமய மாதா திருவிழா. ஜெனோவா போன் செய்தாள். குளித்துக்கொண்டிருந்தேன். குளித்துவிட்டு வந்தபிறகும் இரண்டு தடவை அடித்தது. கோமதி எடுத்துப் பேசினாள். "சப்பரம் நல்லபடியா வந்துச்சாம். புஸ்தகம் எப்ப வரும்னு கேட்டா" என்றாள். போனை வைத்துவிட்டு என் முகத்தைப் பார்த்தாள். அதற்குமேல் ஒன்றும் கேட்கவில்லை.

செப்டம்பர் 12, திங்கள்

மழை. மாடியில் காயப்போட்ட வற்றல் நனைந்துவிட்டது. ஆய்வாளருக்கு, கேசட் காலப்போக்கில் பழுதாகிவிட்டதாகப் பதில் எழுதினேன். வருத்தம் தெரிவித்து, நாடா என்பதன் இயல்பு குறித்து ஒரு பத்தியும் சேர்த்தேன். அந்தப் பத்தி நன்றாக வந்திருந்தது. பிறகு யோசித்துப் பார்த்தால் அதுவும் அவன் அட்டை ஒன்றில் எழுதியது.

அக்டோபர் 21, வெள்ளி

இரண்டாம் பதிப்பு வந்துவிட்டது. ஆசிரியர் பிரதிகள் ஐந்து. கெட்டி அட்டை, நல்ல தாள். ஒரு பிரதியை ஜெனோவாவுக்குக் கூரியரில் அனுப்பிவிட்டு வந்து இன்னொன்றைப் பிரித்துப் பொருளடக்கத்தைப் பார்த்தேன். மொத்தம் பதினொரு அத்தியாயங்கள். உள்ளே இளஞ்சேரலின் சீட்டு ஒன்று இருந்தது. எண் வரிசையில் ஆறுக்குப் பிறகு எட்டு என்று பிழையாக இருந்ததாம். பிழைதிருத்துபவர் கவனித்து ஏழு என்று சரிசெய்துவிட்டாராம்.